காசு கிடந்த இடம்

தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்கிற நாளில் எல்லாப் பொருள்களும் ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்துவிடும். அலமாரிக்கு அடியில் கிடந்த பால் வாளி, பரணில் இருந்த அம்மி, சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த பழைய சம்பளச் சீட்டு. இவற்றோடு பெரும்பாலும் ஒரு டின்னும் வெளிவரும். ஒரு காலத்தில் பிஸ்கட்டோ மைலோவோ இருந்த டின். இப்போது அதற்குள் சில பழைய காசுகள், மடித்து வைத்த நோட்டுகள், அறுந்த சங்கிலித் துண்டு, பித்தளைப் பொத்தான் என ஏதேதோ கிடக்கும். நெகிரி செம்பிலானில் சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, இப்படி எத்தனை டின்கள் திறக்கப்பட்டன என்பதற்குக் கணக்கு இல்லை. சிரம்பான் 2 என்று இன்று அழைக்கப்படும் நகரம் எழுந்த நிலமும் தோட்ட நிலமாக இருந்ததுதான்.

டின்னைத் திறந்ததும் வீட்டு இளையோர் முதலில் கேட்கும் கேள்வி, "இது என்ன விலை போகும்?" என்பதே. கேட்பதில் தவறில்லை. ஆனால், அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் காசு எங்கிருந்து வந்தது, யார் இதை எடுத்து வைத்தார் என்ற இரண்டும் அதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை. விலையை எப்போது வேண்டுமானாலும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவராக மட்டும் இருக்கலாம்.

நாணயம் சேர்ப்பது என்றாலே பலருடைய மனம் வெகு தொலைவுக்குப் போய்விடுகிறது. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் காசுகளில் ஒருவகை, பழைய ரோமானியப் பேரரசின் மாகாண நாணயங்கள். ரோம் நகரின் அக்கசாலையில் அடித்த காசுகள் அல்ல இவை. பேரரசின் கிழக்குப் பகுதியில், இன்றைய கிரேக்கம், துருக்கி, சிரியா, எகிப்து போன்ற நாடுகளில் இருந்த நூற்றுக்கணக்கான நகரங்கள் தங்கள் அன்றாடத் தேவைக்குத் தாங்களே வெளியிட்ட காசுகள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவரை இவை புழங்கின. ஒரு பக்கத்தில் பேரரசரின் முகம் இருக்கும். மறுபக்கம் அந்த ஊருக்குச் சொந்தம். ஊர்க் கோயில், ஊர் ஆறு, ஊர்த் தெய்வம், திருவிழா என அவ்வூரார் எதைப் பெருமையாக நினைத்தார்களோ அது அங்கே இருக்கும். எழுத்துகள் பெரும்பாலும் கிரேக்கத்தில் இருக்கும்.

சிறிய செப்புக் காசு ஒன்று சில வேளைகளில் பெரிய செய்தியைச் சுமந்துகொண்டிருக்கும். கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் பிதியாஸ் என்ற சிற்பி செய்த சீயஸ் சிலை பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. சிலை எப்போதோ அழிந்துவிட்டது. அது எப்படி அமர்ந்திருந்தது, கையில் எதை ஏந்தியிருந்தது என்பதை இன்று ஓரளவு அறிவதற்குத் துணைசெய்பவற்றுள் ஒன்று, ஹேட்ரியன் என்ற பேரரசரின் காலத்தில் எலிஸ் நகரத்தார் வெளியிட்ட காசு. துருக்கியில் இருந்த அபாமியா என்ற ஊரின் காசிலோ நோவாவின் பேழையே இருக்கிறது. ஓர் ஊர் தன் கதையைத் தன் சில்லறையில் எழுதி வைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அப்படியானால் இவற்றைத் தேடி வாங்குவது நல்லதுதானே? இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஓர் ஊரின் காசு அந்த ஊரின் மண்ணிலேயே கிடைத்தால் ஒரு பொருள்; நூறு மைல் தாண்டி வேறொரு துறைமுகத்தில் கிடைத்தால் இன்னொரு பொருள். எந்த ஊர் எந்த ஊரோடு வாணிகம் செய்தது, எந்தக் காசு எதுவரை செல்லுபடியானது என்பதையெல்லாம் அது கிடந்த இடம்தான் சொல்லும். விற்பனைக்கு வரும் காசுகளில் பலவற்றுக்கு அந்த இடம் தெரியாது. உலோகம் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு இரவோடு இரவாக நிலத்தைத் தோண்டுபவர் எங்கே எடுத்தார் என்று எழுதி வைப்பதில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வார். காசு கைமாறிக் கைமாறி, கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று வந்து சேரும்போது, அது எவ்வளவு அரிதானதாக இருந்தாலும் பாதி ஊமையாகிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள ரோமுக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குப் போனால் போதும்.

ரோமானியர் மிளகும் முத்தும் மென்துணியும் வாங்கத் தமிழகக் கரைக்கு வந்த செய்தியை மாணவர்கள் வரலாற்றில் படித்திருப்பார்கள். இந்தியா ஆண்டுதோறும் ரோமானிய நாட்டிலிருந்து ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இழுத்துக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற அறிஞர் குறைபட்டுக்கொண்டார். அந்தப் பணம் வந்ததற்குச் சான்றாகக் கரூரிலும் கோயம்புத்தூர் வட்டாரத்திலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் காசுகள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழகத்துக்கு வந்த மரக்கலங்கள் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டவை. எகிப்துக்கென்று தனிக் காசு இருந்தது. அலெக்சாண்டிரியா நகரில் அடித்த மாகாணக் காசு அது. வணிகர்கள் அந்தக் காசையல்லவா கொண்டுவந்திருக்க வேண்டும்? ஆனால், தமிழகக் குவியல்களில் அது இல்லை. காரணம் எளிது. அலெக்சாண்டிரியாவின் காசில் வெள்ளி குறைவு. எகிப்துக்கு வெளியே அதற்கு மதிப்பும் இல்லை. மிளகு விற்றவர்கள் ஏமாறத் தயாராக இல்லை. நல்ல வெள்ளியும் நல்ல தங்கமும் கேட்டு வாங்கினார்கள். கிடைக்காத ஒரு காசு, அக்காலத் தமிழ் வணிகரின் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சியாகிறது. காசுகள் எங்கெங்கே கிடைத்தன என்ற குறிப்பு இல்லாதிருந்தால் இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இன்னும் தெளிவான சான்று புதுக்கோட்டையில் இருக்கிறது. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. ஏன் வெட்டினார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மறுபடியும் காசாகப் புழங்கக் கூடாது, தங்கமாக மட்டுமே எடைபோட வேண்டும் என்பதற்காக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அது வேண்டுமென்றே செய்யப்பட்ட வேலை என்பதில் ஐயமில்லை. ஏனென்றால், ஜி. எஃப். ஹில் என்ற ஆங்கில அறிஞர் 501 காசுகளைப் பற்றியும் ஒன்றாக எழுதி வைத்தார். அந்தக் குவியல் ஆராயப்படும் முன்பே சிதறி, அதில் ஒரு காசு மட்டும் இன்று ஒரு கடைக்காரரின் தட்டுக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "முகத்தில் வெட்டுப்பட்ட பழுதான காசு, விலை குறைவு" என்றிருப்பார். தனியாகக் கிடந்தால் பழுது. கூட்டத்தோடு கிடந்தால் வரலாறு.

இந்தியாவில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகள் சிலவற்றில் துளை இருக்கிறது. அவை கழுத்தில் அணியப்பட்டவை. இந்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏதோ நினைவுக்கு வர வேண்டும். ஆம், காசுமாலைதான். இங்கிலாந்து அரசரின் தலை பொறித்த தங்கப் பவுன் காசுகளுக்கு வளையம் பற்றவைத்துக் கோத்து அணிந்த பெண்கள் இருந்தார்கள். "எட்டு கிராம் ஒரு பவுன்" என்று நகைக்கடையில் இன்றும் சொல்லும் கணக்கு அந்தக் காசின் எடையிலிருந்து வந்ததுதான். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் வேறு வேறு அயல்நாட்டு அரசரின் முகம் தமிழ்ப் பெண்களின் கழுத்தில் தொங்கியிருக்கிறது. முகம் யாருடையது என்று அவர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தங்கம் நல்ல தங்கமா என்பதே கேள்வி.

தென்கிழக்காசியாவிலும் இதே பாடம் உண்டு. கெடாவுக்கு வடக்கே, தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குளோங் தோம் என்ற ஊரில் கையடக்கமான ஒரு கல் கிடைத்தது. பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல் அது. அதன்மேல் பழைய தமிழ் எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று பொறித்திருக்கிறது. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்களின் கணிப்பு. சந்தையில் அந்தக் கல்லுக்கு என்ன விலை கிடைக்கும்? அதுவே தமிழ்நாட்டில் கிடைத்திருந்தால் ஒரு பொற்கொல்லரின் பெயரை மட்டும் சொல்லியிருக்கும். கிராபியில் கிடைத்ததால், இந்தத் தீபகற்பத்துக்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் கருவி வந்திருந்தது என்பதைச் சொல்கிறது.

இப்போது மறுபடியும் அந்த டின்னுக்கு வரலாம்.

அதில் இருக்கக்கூடிய காசுகளில் மிகச் சாதாரணமானது, மூலை மழுங்கிய சதுர வடிவ ஒரு காசு. நீரிணைக் குடியேற்ற நாடுகளின் பெயரில் 1919 முதலும், பின்னர் மலாயாவின் பெயரில் 1939 முதலும் இது வந்தது. கடைகளில் இதற்குப் பெரிய விலை இல்லை. ஆனால், இதைக் கூலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1920களின் இறுதியில், எளிதில் சென்று சேரக்கூடிய வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்கு அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது அதையும் குறைத்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, வாளியைச் சுமந்து வந்து நிறுத்த பெண்ணின் ஒரு நாள் உழைப்பு, அந்தச் சதுரக் காசுகளில் நாற்பது. அவள் அதில் ஒன்றை எடுத்து டின்னில் போட்டாள் என்றால், நாளின் நாற்பதில் ஒரு பங்கை அவள் யாருக்கோ எடுத்து வைத்தாள் என்று பொருள். யாருக்கு என்பதை வீட்டார் மட்டுமே சொல்ல முடியும்.

அதே டின்னில் 1943 என்று ஆண்டு பொறித்த சதுரக் காசும் இருக்கலாம். 1943இல் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. இங்கிலாந்து அரசரின் தலை பொறித்த புதுக்காசு அந்த ஆண்டில் தோட்டத்துக்கு எப்படி வந்தது? வரவில்லை என்பதே உண்மை. அது வெளியே அடிக்கப்பட்டு, போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பிய பிறகே இங்குப் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே, காசில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து, "எங்கள் தாத்தா ஜப்பான் காலத்தில் வைத்திருந்த காசு" என்று எழுதுபவர் தவறிவிடுவார். ஜப்பான் காலத்தில் தாத்தா வைத்திருந்தது வேறு. வாழை மரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு அது. 1945இல் ஜப்பானியர் சரணடைந்ததும் அந்த நோட்டு வெறும் தாளாகிவிட்டது. அப்படியிருந்தும் சில குடும்பங்கள் அதைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தன. சிலருக்கு அது ஏமாந்த கதை. சிலருக்கு, சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத ஒருவர் விட்டுச் சென்ற கடைசிப் பொருள். இரண்டு கட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பேச்சிலும் காசுகள் தங்கியிருக்கின்றன. ரிங்கிட்டை மலேசியத் தமிழர் இன்றும் "வெள்ளி" என்பது, வெள்ளியால் செய்த டாலர் புழங்கிய காலத்தின் மிச்சம். "ரிங்கிட்" என்ற மலாய்ச் சொல்லோ, பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பில் இருந்த பல்வெட்டைக் குறித்தது. தமிழில் "துட்டு", மலாயில் "டுய்ட்" என்ற இரண்டும் டச்சுக்காரரின் ஒரே செப்புக் காசிலிருந்து வந்தவை. ஒரு வேடிக்கை: பணத்தை வெறுப்பதாகச் சொல்பவர்கூட அதன் பெயரை மூன்று நாட்டிலிருந்து கடன் வாங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"வறுமையில் இருக்கும் குடும்பம் காசை விற்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்கலாம். தாராளமாக விற்கலாம். அது அவர்கள் பொருள். மகளின் பள்ளிச் செலவுக்காகப் பாட்டியின் பவுனை விற்பதை எந்த அருங்காட்சியகமும் குறைசொல்ல முடியாது. சொல்லப்போனால், அந்தப் பவுன் சேர்த்து வைக்கப்பட்டதே அதற்காகத்தான். தோட்டத் துண்டாடலின்போது வேலையிழந்த தொழிலாளருக்காக 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளியாகப் பங்குத் தொகை கட்டிய குடும்பங்கள் இருந்தன. அந்தப் பத்து வெள்ளி டின்னில் கிடந்திருந்தால், சங்கம் 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியிருக்க முடியாது. காசு செலவாவது இழப்பன்று. விற்கும் முன் ஒரு படம் எடுத்து, நாலு வரி எழுதி வைக்காமல் விடுவதுதான் இழப்பு. அதற்குப் பத்து நிமிடம் போதும்.

"தனியார் சேகரிப்பாளர்களே கெட்டவர்கள், எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும்" என்ற இன்னொரு வாதமும் உண்டு. அதுவும் முழுதும் சரியில்லை. சங்ககாலப் பாண்டியரின் "பெருவழுதி" என்ற பெயர் பொறித்த செப்புக் காசை 1980களில் அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர், பத்திரிகை ஆசிரியரான இரா. கிருஷ்ணமூர்த்தி. "மாக்கோதை" என்ற பெயரும் ரோமானியக் காசை ஒத்த தலையுருவமும் கொண்ட சேரர் வெள்ளிக் காசுகளை ஆராய்ந்தவரும் அவரே. அரசு அதிகாரி அல்லர். சொந்த ஆர்வத்தில் காசு சேர்த்தவர். அவர் சேர்த்ததை எழுதினார், வெளியிட்டார், பிறர் சோதிக்க விட்டார். அவருக்கும் பூட்டி வைத்துப் பெருமை பேசுபவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஆனாலும் ஒரு குறை இருக்கவே செய்கிறது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகளுக்கு மண்ணடுக்கு என்ற சாட்சி இல்லை. எழுத்தின் வடிவத்தை வைத்தே அவற்றின் காலத்தைக் கணிக்க வேண்டியிருக்கிறது. கணிப்பில் கருத்து வேறுபாடும் வருகிறது.

வீட்டுக் காசு வேறு, மண்ணில் கிடைக்கும் காசு வேறு என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். செம்பனை நடக் குழி தோண்டும்போதோ கால்வாய் வெட்டும்போதோ பழம்பொருள் கிடைத்தால், அதைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மாவட்ட அதிகாரி போன்ற பொறுப்பானவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878 முதலே புதையல் சட்டம் இருக்கிறது. லிங்கியை அடுத்த பெங்காலான் கெம்பாஸில் 1467ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டும் நடுகற்களும் நின்ற இடத்திலேயே காக்கப்படுவதால்தான், நெகிரி செம்பிலானின் பிள்ளைகள் அவற்றை இன்றும் அங்கேயே போய்ப் பார்க்க முடிகிறது.

இன்னொரு தீங்கு அன்பினால் நேர்வது. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போல, பழைய காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். விளக்கு பளபளக்கும்; காசு கெட்டுவிடும். எத்தனையோ ஆண்டுகளாகச் செம்பின்மேல் படிந்த நிறமும் மெல்லிய எழுத்தும் ஒரே தேய்ப்பில் போய்விடும். ரோமானியக் காசாக இருந்தாலும் சதுரக் காசாக இருந்தாலும் புளி ஆகாது.

காசைத் துடைக்காமல் சிறிய தாள் உறையில் இட்டு, உறையின்மேல் பென்சிலால் எழுதி வைப்பது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: "சதுர ஒரு காசு, 1920, ஐந்தாம் ஜார்ஜ். ரந்தாவ் வட்டாரத் தோட்டம், கீழ் லயம், ஏழாம் வீடு. பாட்டியின் தாயார் பால்வெட்டு வேலை செய்தவர். திருமணத்தன்று மருமகளின் முந்தானையில் முடிந்து கொடுத்தது. பாட்டி சொல்லக் கேட்டு எழுதியது. வீடு காலி செய்வதற்கு மூன்று நாள் முன்பு."